அடை வைத்த நாள்

அந்த வேலைக்கு இருந்தது ஒரே ஓர் இடம். ஆராய்ச்சி விரிவுரையாளர், செல் பயோமெக்கானிக்ஸ் என்று காகிதத்தில் அடித்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பேர் என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆயிற்று. நுழைந்த பிறகு நான் விடவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் தடங்கல் இல்லாமல் சொல்வேன். மூன்றாம் வகுப்பு படித்தவளுக்கு எங்கே வரப்போகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் இருந்தார். எங்கள் வீடு தென்னூரில், பின்பக்கம் கொஞ்சம் இடத்தோடு. எழுபதுகளில் எனக்கு ஒரு காலேஜ் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. கழுவுகிற வேலைதானே என்பார்கள். நான் கழுவிய குழாயில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காது. ஒரே படலமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். முத்து நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். இதைப் பார்க்கத் தெரியாமல் எம்.எஸ்ஸி. முடித்துப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். எண்பதுகளில் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு துறை ஆரம்பித்து மன்னார்புரம் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தில் வைத்தபோது, என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அங்கேதான் டாக்டரம்மா வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், கோவில் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். முப்பது முப்பத்தொன்று வயசு இருக்கும். படித்தது இயற்பியல். பிறகு பெங்களூர் போய் ரத்த செல்லை வைத்து டாக்டர் பட்டம் வாங்கியவர். எங்கள் துறையில் அவரை எடுத்தது ஒரு வருஷத்துக்கு, தற்காலிகமாக. அந்த ஒரு வருஷத்துக்குள் அவர் தன் ஆராய்ச்சியைக் காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு கமிட்டி வந்து பார்க்கும். அவர்களுக்குத் திருப்தியானால் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்த அந்த ஓர் இடம் அவருக்கு. இல்லையென்றால் அவர் வீட்டுக்கு. அந்த இடமும் வேறு பாடத்துக்குப் போய்விடும்.

முதல் நாளே நான் அவரை அளந்துவிட்டேன். நான் கழுவி வைத்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். படலம் இறங்கியது. "இது யார் கழுவினது?" என்றார். "நான்தான்" என்றேன். "இனிமே என் சாமானை வேற யாரும் தொட வேண்டாம் அக்கா" என்றார். சரி, இவருக்கு வேலை தெரியும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அவருக்கு வேண்டியது கோழி முட்டை. சமைக்கிற வெறும் முட்டை இல்லை, உள்ளே குஞ்சு வளர்கிற முட்டை. சூடு கொடுக்கிற மெஷின் ஒன்று துறையில் இருந்தது. ஒரு டஜன் முட்டை வாங்கி அதற்குள் வைத்தார். பத்து நாள் கழித்து உடைத்தால் கட்டிடம் முழுக்க நாற்றம். பியூன்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். டாக்டரம்மா மட்டும் அசையாமல் நின்றார்.

"ஒண்ணுலகூட உயிர் வரலை அக்கா. மெஷின்ல ஏதோ கோளாறு."

"முட்டை எங்க வாங்கினீங்க?"

"மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில. நல்ல பெரிசா, வெள்ளையா இருந்துதுன்னு பாத்து வாங்கினேன்."

"அந்தக் கோழிங்க சேவலைக் கண்ணாலகூடப் பாத்திருக்காதுங்களே டாக்டரம்மா! பண்ணை முட்டை அது."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பத்துக்கு மூணு நாலாவது தேறும்னு நினைச்சுட்டேன்."

"பத்தாயிரத்துக்கு ஒண்ணு தேறாது. உங்க ஆத்துல முட்டை வாங்கியிருந்தாத்தானே தெரியும்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் என் வீட்டு நாட்டுக்கோழி முட்டையும், பக்கத்து வீடுகளில் சேவலோடு திரிகிற கோழிகளின் முட்டையுமாகக் கூடையில் உமி போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆம்லெட்டுக்கா, அடை வைக்கவா?" என்றார். "ஆராய்ச்சிக்கு" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

டாக்டரம்மா செய்த வேலையை நான் சொல்லிவிடுகிறேன், அது ஒன்றும் மந்திரம் இல்லை. முட்டைக்குள் வளர்கிற குஞ்சுக்கு இரண்டு மூன்று நாளிலேயே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பொடி இதயத்தை எடுத்து, மருந்தில் ஊறவைத்துத் தனித்தனிச் செல்லாகப் பிரிப்பார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிசான கண்ணாடிக் குழாயின் வாயை ஒரு செல்லின் மேல் கொண்டுபோய் வைப்பார். குழாயின் மறுமுனை ரப்பர் ட்யூப் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்திருக்கும். பாட்டிலைத் தாங்குகிற திருகைச் சுற்றி அதை மயிரிழை மயிரிழையாக இறக்கினால் குழாய் செல்லை உறிஞ்சும். மெத்தென்ற செல் நிறைய உள்ளே போகும். விறைப்பான செல் கொஞ்சம்தான் போகும். மார்க்கெட்டில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து, இது பிஞ்சு, இது முற்றல் என்கிறோமே, அதேதான். கத்தரிக்காய்க்கு விரல் போதும், செல்லுக்கு இத்தனையும் வேண்டியிருக்கிறது. இதயம் வளர வளரச் செல் ஒவ்வொரு நாளும் எவ்வளவு விறைக்கிறது என்று அவர் நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். அந்தப் புள்ளிகள் சீராக மேலே ஏற வேண்டும். அதுதான் அவர் கமிட்டிக்குக் காட்டப்போகிறது.

எங்கள் துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "இதை உயிரியல்னு சொன்னா, அவங்க இயற்பியல்ங்கறாங்க. இயற்பியல்காரங்ககிட்ட கேட்டா, முட்டையெல்லாம் எங்களுக்கு வேண்டாம்ங்கறாங்க. நடுவுல நீங்க ரெண்டு பேரும் கோழிப் பண்ணை நடத்தறீங்க" என்பார். நான் அவர் மேஜையைத் துடைத்துவிட்டு வருவேன். கொஞ்சம் அழுத்தித் துடைப்பேன்.

ஐப்பசி மழை பிடித்தது. கரண்ட் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ரெண்டு தரம், மூணு தரம். மெஷின் ஆறிப்போய் ஒரு ஈடு முட்டை முழுக்கக் கெட்டது. டாக்டரம்மா மெஷின் கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் மூணு மாசம்கூட இல்லை. நான் என்ன பண்ணப்போறேன் அக்கா" என்றார்.

"கரண்ட் இல்லாத மெஷின் என் வீட்ல மூணு இருக்கு" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அப்போது என்னிடம் மூன்று கோழிகள் அடைக்கு உட்காருகிற பருவத்தில் இருந்தன. ஒன்று இறங்கினால் ஒன்று உட்காரும். அடை வைப்பதில் எனக்குக் கை உண்டு, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை வைக்க மாட்டேன். ஒற்றைப்படையில்தான் வைப்பேன், ஒன்பது அல்லது பதினொன்று. இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று கூடைக்கு அடியில் ஒரு இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும் போட்டு, மேலே மணலும் வைக்கோலும் பரப்புவேன். மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில், அடை வைத்த தேதியின் மேல் கரியால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். டாக்டரம்மா, "எட்டு நாள் முட்டை ரெண்டு, பத்து நாள் முட்டை ரெண்டு வேணும்" என்பார். நான் காலண்டரைப் பார்த்து எண்ணி, அந்தந்த முட்டை மேல் பென்சிலால் எட்டு, பத்து என்று எழுதித் துணியில் சுற்றிக் கூடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். எண்கள் எனக்கு எழுத்தைவிட நன்றாக வரும்.

இப்படி ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் வேலை நடந்தது. கரண்ட் ஒழுங்காக இருந்த வாரங்களில் மெஷின் முட்டை, இல்லாத வாரங்களில் என் கோழி முட்டை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் டாக்டரம்மா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தேன். புள்ளிகள் ஒரு கோடாக ஏறவில்லை, இரண்டு கோடாக ஏறின. மேல் கோடு மெஷின் முட்டை. கீழ்க் கோடு என் கோழி முட்டை. ஒரே வயசுக் குஞ்சுதான், ஆனால் என் கோழி அடைகாத்தது எப்போதும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

"உங்க கோழி நடுவுல நடுவுல எழுந்து போறதா அக்கா? மழைக்குச் சூடு குறைஞ்சுதோ என்னமோ. குஞ்சும் சித்த சின்னதாத்தான் இருக்கு."

எனக்கு வந்ததே கோபம். "என் கோழி தீனிக்கு இறங்கினா அஞ்சு நிமிஷத்துல ஏறிக்கும். அதைச் சொல்லாதீங்க. பெத்த தாய் சூடு குறைஞ்சது, தகரப் பெட்டி சூடு ஒசத்தியா?"

"கோச்சுக்காதீங்கோ அக்கா."

"கோவம் இல்லை. நாட்டுக்கோழிக் குஞ்சு சின்னதாத்தான் இருக்கும்."

"மெஷின்ல வெச்சதும் அதே கோழி முட்டைதானே."

அது சரிதான் என்று அன்றைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. போய்க் குழாய்களைக் கழுவினேன்.

துறைத் தலைவர் நோட்டைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்: "ரெண்டு கோட்டோட போனீங்கன்னா கமிட்டி உங்களை உரிச்சிடும். கோழி முட்டைக் கணக்கு மொத்தத்தையும் தூக்கிடுங்க. மெஷின் கணக்கு மட்டும் காட்டுங்க." அப்படிச் செய்தால் மிச்சம் பாதிப் புள்ளிதான். பாதி வேலையைக் காட்டி முழு இடத்தைக் கேட்க முடியுமா? டாக்டரம்மா எந்தக் கணக்கையும் தூக்கவில்லை. இரண்டு வாரம் அதே அளவுகளைத் திரும்பத் திரும்ப எடுத்தார். பாட்டிலை மாற்றினார், குழாயை மாற்றினார், தன் கையே சரியில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். கோடு இரண்டாகவே நின்றது.

மார்கழி பிறந்தது. டாக்டரம்மா தன் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து, அதன் பதினோராம் நாள் விசேஷத்துக்கு லீவில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் துறைத் தலைவருக்குக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். டாக்டரம்மா வீட்டில் போன் கிடையாது. "நான் போய்ச் சொல்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன்.

சித்திரை வீதியில் அவர்கள் வீடு. வாசல் முழுக்கக் கோலம், உள்ளே சாம்பிராணிப் புகை. டாக்டரம்மாவின் அம்மா என்னை யாரென்று கேட்காமலேயே தெரிந்துகொண்டார்.

"நீங்கதானா அது! வாங்கோ வாங்கோ. இவ தெனம் உங்களைப் பத்தித்தான் பேசுவா. என்ன பண்றாளோ, ஏது பண்றாளோ, பெருமாளுக்குத்தான் தெரியும். சாயங்காலம் வந்தா கொல்லைப்பக்கமா போய்த் தீர்த்தமாடிட்டுத்தான் உள்ளயே வருவா. என்ன வேலைன்னு நான் கேக்கறதில்லை, அவளும் சொல்றதில்லை."

"கேக்காம இருக்கறதே நல்லதும்மா" என்றேன். பின்னால் நின்ற டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். நான் கமிட்டி வரும் நாளைச் சொன்னேன். டாக்டரம்மா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் அம்மா அதைக் கவனிக்காமல், குழந்தையை எடுத்து வந்து எனக்குக் காட்டினார்.

"எப்ப பொறந்தான்?"

"முந்தின வியாழக்கிழமை, விடியக்காலம். இன்னிக்குப் பதினோராம் நாள், புண்யாஹம் ஆச்சு. இனிமேதான் தீட்டு இல்லாம எல்லாரும் தொடலாம்."

என் கை தானாக எண்ண ஆரம்பித்தது. வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, சனி மூன்று... இந்த ஞாயிறு பதினொன்று. சரியாகத்தான் இருந்தது. நாங்களும் இப்படித்தான் எண்ணுவோம். அதை வாய்விட்டுச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. இரண்டு வாரமாக அந்த இரண்டு கோடுகள்தானே மனசில் ஓடிக்கொண்டிருந்தன.

"பொறந்த அன்னிக்கே ஒண்ணு. நான் அடை வைக்கறப்பவும் அப்படித்தான், வெச்ச அன்னிக்கே ஒண்ணு."

டாக்டரம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னேள்?" பதட்டத்தில் அவருக்கு வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"வெச்ச அன்னிக்கு ஒண்ணுன்னு சொன்னேன்."

"மெஷின்ல வெச்ச அன்னிக்கு நான் ஒண்ணுன்னு எண்றதில்லையே அக்கா. இருபத்திநாலு மணி நேரம் ஆனப்புறம்தான் ஒண்ணு. வெச்ச அன்னிக்குச் சுழி."

"சுழியா? அது எப்படி? அன்னிக்குக் கோழி உக்காரலையா? முட்டைக்குச் சூடு ஏறலையா? அதை எப்படிச் சுழின்னு சொல்லுவீங்க?"

"அக்கா, நீங்க பத்துன்னு எழுதிக் குடுத்த முட்டையெல்லாம்..."

"பத்துதான்."

"ஒம்பது!"

"பத்துங்கறேன். இங்க உங்க குழந்தைக்குப் பதினொண்ணுன்னா என் முட்டைக்கும் பத்துதான். ஆத்துல ஒரு கணக்கு, ஆபீஸ்ல ஒரு கணக்கா?"

அவர் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குழந்தை இருக்கற ஆத்துல முட்டை முட்டைங்கறேளே!" என்றார். டாக்டரம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். கீழ்க் கோட்டில் இருந்த என் கோழிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒரு நாள் பின்னால் தள்ளிப் பென்சிலால் லேசாக வைத்தார். பத்து ஒன்பதாயிற்று, எட்டு ஏழாயிற்று. வைக்க வைக்க அந்தக் கோடு போய் மேல் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. எனக்குக் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. என் கோழியின் சூட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. குறை எண்ணிக்கையில் என்பது அப்புறம்தான் உறைத்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே இருவரும் துறைத் தலைவர் அறையில் நின்றோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நம்பறேன். ஆனா நான் நம்பி என்ன? கமிட்டி வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி ரெண்டு மாசக் கணக்கையும் ஒரு நாள் தள்ளிப் போட்டா, அவங்க என்ன நினைப்பாங்க? கோடு சேரலை, அதனால சேர வெச்சுட்டாங்கன்னுதான். பேசாம, அட்டெண்டர் பண்ணின தப்புன்னு எழுதி அந்தக் கணக்கைத் தூக்கிடுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பேசினேன்.

"தப்புன்னு எழுதக் கூடாதுங்க ஐயா. நான் தப்பா எண்ணலை. எங்க வழக்கப்படி எண்ணினேன். அதை அப்படியே எழுதச் சொல்லுங்க. காலண்டர்ல ஒவ்வொரு அடைக்கும் பொட்டு வெச்சிருக்கேன். யார் வேணா வந்து சரிபாக்கட்டும்."

"காலண்டரைத் தூக்கிட்டுப் போய்க் கமிட்டிகிட்ட காட்டச் சொல்றீங்களா?"

"காட்டினா என்ன? சாமி படம் போட்ட காலண்டர்தானே."

அவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சார், இன்னொண்ணும் பண்ணலாம்" என்றார். "இன்னிக்குக் காலையில பத்து மணிக்கு, ஒரே நேரத்துல, மெஷின்லயும் கோழியிலயும் வைக்கறோம். அவங்க வர்ற வியாழக்கிழமை பத்து மணிக்குச் சரியாப் பத்து நாள். அவங்க எதிர்லயே உடைச்சு அளக்கறேன். ரெண்டும் ஒண்ணா வந்தா கணக்கு சரி. வரலைன்னா நானே எல்லாத்தையும் தூக்கிடறேன்."

வரவில்லையென்றால் கணக்கு மட்டும் போகாது, இடமும் போய்விடும். மூன்று பேருக்கும் அது தெரிந்தது. துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, "மணி எட்டரை ஆச்சு. நிக்கறீங்களே" என்றார். நாள் திங்கட்கிழமை, செவ்வாய் இல்லை. எனக்கு அதுவே பாதி தைரியம்.

ஆட்டோவில் தென்னூர் போனேன். ஒரு கோழி ஏழு நாளாக அடையில் இருந்தது. அதற்குக் கீழே இருந்த பழைய முட்டைகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதினொன்று வைத்தேன். அது முறைத்தது, ஒரு கொத்துக் கொத்தியது, பிறகு சிறகை விரித்து மூடிக்கொண்டது. எதிர்வீட்டு வாத்தியார் மனைவியைக் கூப்பிட்டு மணி பார்க்கச் சொன்னேன். பத்து அடிக்க இரண்டு நிமிஷம். அதே நேரத்தில் டாக்டரம்மா மெஷினில் பதினொன்று வைத்தார். அவருக்கு எண் ஒற்றையோ இரட்டையோ ஒன்றுதான். நான்தான் பதினொன்று வைக்கச் சொல்லியிருந்தேன்.

அந்தப் பத்து நாளும் கரண்ட் போகும்போதெல்லாம் வெந்நீர் பாட்டில்களை மெஷினுக்குள் வைத்துப் பழைய கம்பளியால் சுற்றினோம். டாக்டரம்மா வெப்பமானியை விட்டு நகரவில்லை. என் கோழிக்கு வெப்பமானி தேவைப்படவில்லை. ஒரு நாள் அவர், "இது சரியா வரலைன்னா நீங்க வருத்தப்படாதீங்க அக்கா. நான் பெங்களூருக்கே எழுதிப் போட்டுக்கறேன்" என்றார். "பெங்களூர்ல நாட்டுக்கோழி யார் வீட்ல இருக்கு? பேசாம வேலையைப் பாருங்க" என்றேன்.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் மெட்ராஸ், ஒருவர் பெங்களூர். மெட்ராஸ்காரர்களில் ஒருவர் வயசானவர், கோட் போட்டிருந்தார். அவர்தான் கேள்வி கேட்டார். நான் வாசலுக்கு வெளியே ஸ்டூலில், மடியில் காலண்டரோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே முட்டை உடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. திருகு இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். சத்தம் இல்லாமல்தான் அது இறங்கும்.

பிறகு அந்த வயசானவர் குரல்: "இன்னிக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, சரி. ஆனா பழைய நோட்டுல பத்துன்னு இருந்ததை ஒம்பதுன்னு மாத்தியிருக்கீங்களே?"

"மாத்தலை சார். பத்துங்கறதை அடிக்கலை, அப்படியே இருக்கு. பக்கத்துல காரணம் எழுதியிருக்கேன்: அடை வைத்த நாளை ஒன்று எனக் கொண்டு எண்ணியது."

"எண்ணினது யாரு?"

கதவு திறந்தது. நான் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன்.

"நீங்களா எண்ணினீங்க?"

"நான்தாங்க."

"ஏம்மா முதல் நாளைச் சேர்த்தீங்க?"

"செத்தவங்களுக்குப் பதினாறு எண்ணறோம், செத்த நாளை விட்டுட்டா எண்ணறோம்? கல்யாணமாகி மூணாம் நாள் மறுவீடுன்னா, கல்யாண நாளைச் சேக்காமலா? வாழ்க்கையில எதுக்கும் நாங்க முதல் நாளைச் சுழின்னு சொன்னதில்லைங்க. டாக்டரம்மா கணக்கு வேற. அது எனக்கு இப்பத் தெரியும். முன்னாடி யாரும் சொல்லலை, நானும் கேக்கலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்கலைங்கறது யாரோட குத்தம்?" என்றார்.

"என்னோடது பாதி சார்" என்றார் டாக்டரம்மா உடனே. "நான்தான் முதல்ல கேட்டிருக்கணும்."

மீதிப் பாதி என்னுடையது என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும். காலண்டரை மேஜை மேல் விரித்து வைத்தேன். பெங்களூர்க்காரர் நோட்டை எடுத்துக்கொள்ள, கோட்டுக்காரர் காலண்டரை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கரிப் பொட்டையும் விரலால் தொட்டு, அன்றிலிருந்து எண்ணி, நோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏழு அடை, ஏழும் பார்த்தார்கள். ஓரிடத்தில் கோட்டுக்காரரே முதல் நாளைச் சேர்த்து எண்ணி, பிறகு தலையை ஆட்டித் திரும்ப ஆரம்பித்தார். அதை நான் மட்டும் கவனித்தேன்.

"சரியாத்தான் இருக்கு" என்று காலண்டரை மடித்துக் கொடுத்தார். "நீங்க போயிட்டு வாங்கம்மா."

"எங்கங்க போறது? இங்கதான் இருப்பேன். குழாயெல்லாம் கழுவணும்."

முடிவைக் கடிதத்தில் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். பொங்கல் வந்தது, போனது. தற்காலிக வருஷம் முடிய இருபது நாள் இருக்கும்போது, ஒரு முற்பகலில் துறைத் தலைவரே கையில் உறையோடு லேபுக்கு வந்தார். அதுவரை அவர் டாக்டரம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு, "மேடம், உங்களுக்குத்தான்" என்றார்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மனசுக்குள் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"என்னங்க?" என்றேன்.

"கிடைச்சுடுத்து அக்கா."

"பர்மனெண்ட்டா?"

"ரெண்டு வருஷம் வேலையைப் பாப்பாளாம், அப்புறம் பர்மனெண்ட்."

"ரெண்டு வருஷம்தானே. பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்."

நிரந்தர இடத்துக்கு எடுத்தவர்களுக்குத்தான் ஸ்டோரிலிருந்து நாற்காலி மேஜை கொடுப்பார்கள். மத்தியானத்துக்குள் ஸ்டோர்காரர் இரண்டையும் தூக்கிவந்து, எங்கே போடுவது என்று கேட்டார். நான்தான் ஜன்னல் பக்கம் இடம் காட்டினேன், ஈரத் துணியால் துடைத்தேன். துறைத் தலைவர், "உக்காருங்க மேடம், உக்காந்து பாருங்க" என்று வற்புறுத்தினார். டாக்டரம்மா உட்கார்ந்தார். கையை மேஜை மேல் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மேஜையின் மூலையை இன்னொரு தரம் துடைத்தேன்.

உடனே எழுந்துவிட்டார். பெஞ்சின் மேல், அப்போதுதான் மெஷினிலிருந்து எடுத்த நாலு முட்டை துணிக்குள் இருந்தன.

"அக்கா, கத்திரிக்கோலை எடுங்கோ, சீக்கிரம். முட்டை ஆறிடும்."